ஃபிளெக்ஸில் முளைத்த கை

திருச்சுழி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் வைத்திருந்த ஃபிளெக்ஸில் பாண்டீஸ்வரிக்கு இரண்டு கைகள் இருந்தன. நிஜத்தில் அவளுக்கு இருப்பது ஒன்றரைக் கை. இடது கை முழங்கையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்து, உருண்டு, அதோடு முடிந்துவிடும். பிறக்கும்போதே அப்படித்தான்.

அம்மாவோடு ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கியவள் ரோட்டோரத்திலேயே நின்றுவிட்டாள். படத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் பதக்கம், வலது கையில் கோப்பை. அந்தக் கோப்பையை அடியில் தாங்கிக்கொண்டு ஓர் இடது கை. நகத்தில் சாயம், மோதிர விரலில் கல் மோதிரம், மணிக்கட்டு நிறைய வளையல். ஏதோ நகைக்கடை விளம்பரத்துப் பெண்ணிடமிருந்து வெட்டி எடுத்தது. அந்தக் கை நல்ல சிவப்பாக இருந்ததால், நிறம் ஒத்துப்போக வேண்டும் என்று பாண்டீஸ்வரியின் முகத்தையும் வெளுப்பாக்கி வைத்திருந்தார்கள்.

மேலே கொட்டை எழுத்தில், ‘மாநிலத் தடகளப் போட்டியில் தங்கம் வென்ற எங்கள் தங்க மங்கையே, வருக வருக!’ என்றிருந்தது. அவள் ஓடியது மாநில பாரா தடகளப் போட்டி. ‘பாரா’வையும் காணவில்லை. கீழே வரிசையாகக் கும்பிட்டபடி நின்ற வியாபாரப் பெருமக்களின் படங்களில் மட்டும் ஒருவர்கூட விடுபடவில்லை.

இந்தப் பக்கத்து ஃபிளெக்ஸ்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஒன்றும் பெரிய அதிசயம் இல்லை. காதுகுத்தா, சடங்கா, கடை திறப்பா, எதற்கும் ஃபிளெக்ஸ் உண்டு. அதில் வழுக்கைக்காரருக்கு முடி வந்துவிடும், வெறுங்கழுத்தில் சங்கிலி ஏறிவிடும், ஆட்டுக்குட்டியைக் கண்டாலே ஒதுங்குகிறவருக்குப் பக்கத்தில் சிங்கம் ஒன்று நடந்து வரும். செய்யாமல் விட்டால்தான் வருத்தப்படுவார்கள். அந்த வழக்கத்தில்தான் ஃபிளெக்ஸ் கடை மணிகண்டன் அவளுக்குக் கை வைத்திருந்தான். மனுஷன் மனசில் துளி வஞ்சகம் கிடையாது, அதுதான் வயிற்றெரிச்சல்.

“நல்லா வந்திருக்குல்லம்மா?” என்றான் போனில். “ஜாயிண்டு தெரியுதா சொல்லு? தெரியாது. நேத்துப் பூரா அந்த ஒரு எடத்துலதான் உக்காந்திருந்தேன்.”

“அது என் கை இல்லண்ணே.”

“அதுக்கென்னம்மா, போர்டுதானே!”

வேறொரு நாளாக இருந்தால் அழுதுவிட்டோ திட்டிவிட்டோ போயிருப்பாள். இன்று அவள் பதறியதற்குக் காரணம் வேறு. இன்னும் சற்று நேரத்தில் அருப்புக்கோட்டை பஸ்ஸில் முத்துப்பேச்சி வந்து இறங்குவாள். கூடவே அவள் மகள், ஆறு வயது துர்காதேவி. பஸ் வந்து நிற்கும் இடத்துக்கு நேர் எதிரில்தான் ஃபிளெக்ஸ்.

முத்துப்பேச்சிக்குப் பாலவனத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அவள் மகளுக்கும் இதே மாதிரிக் கை, வலது பக்கம். பதினெட்டுக் கை உள்ள சாமியின் பேரை வைத்தாலாவது ஏதாவது நடக்கும் என்று குடும்பத்தில் யாரோ சொல்லித்தான் துர்காதேவி என்று பெயர். வாசலில் ஆள் அரவம் கேட்டால் பிள்ளையின் கைமேல் துண்டைப் போட்டுவிடுவார்கள். போன வருஷமே பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்க வேண்டும், சேர்க்கவில்லை. “கேலி பண்ணியே கொன்னுருவாங்க, வீட்டுலயே கெடக்கட்டும்” என்று புருஷன் வீட்டில் முடிவாகச் சொல்லிவிட்டார்கள்.

பாண்டீஸ்வரி ஜெயித்த செய்தி பேப்பரில் ஒரு மூலையில், படம்கூட இல்லாமல் வந்தது. அதை யாரோ படித்துச் சொல்ல, அவள் வேலை பார்க்கும் அருப்புக்கோட்டை மருந்துக்கடை நம்பரை விசாரித்துப் பிடித்து, முத்துப்பேச்சி போன் போட்டாள்.

“தாயி, ஒனக்கு மெய்யாவே கை இல்லையா? மெய்யாவே ஓடுறியா?” என்று கேட்டுவிட்டு அந்தப் பக்கம் அழுதாள். பிறகு, “எம் புள்ள ஒன்னைய ஒரு தடவ பாக்கணும். பாத்துட்டாள்னா, தன்ன மாதிரி இன்னொரு ஆளும் இருக்குன்னு தெரிஞ்சிட்டா, பள்ளிக்கூடம் போயிருவா. நீ ஒண்ணும் பேச வேணாம் தாயி, கைய மட்டும் காட்டு” என்றாள்.

இன்று திருச்சுழி மண்டபத்தில் பாண்டீஸ்வரிக்குப் பாராட்டு விழா. முத்துப்பேச்சியின் புருஷன் லோடு ஏற்றப் போயிருக்கும் நாள். பள்ளிக்கூடம் திறக்க அதிகம் நாள் இல்லை. இதை விட்டால் அவளால் பிள்ளையை வெளியே கூட்டிக்கொண்டு கிளம்ப முடியாது.

இப்போது பாண்டீஸ்வரியின் போன் அடித்தது. “அருப்புக்கோட்டையில பஸ் ஏறிட்டோம் தாயி. ஜன்னல் ஓரத்துல எடம் கெடைச்சிருக்கு, இவளுக்குக் கொண்டாட்டம்.”

பாண்டீஸ்வரி ஃபிளெக்ஸைப் பார்த்துக்கொண்டே, “சரிக்கா, வாங்க” என்றாள்.

*

கைய மட்டும் காட்டு என்பதன் அர்த்தம் பாண்டீஸ்வரிக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

அவள் பிறந்தது திருச்சுழிக்குத் தெற்கே ஒரு மானாவாரிக் கிராமத்தில். அப்பா இருளாண்டியும் அம்மா சந்தனமும் மிளகாய்க்கும் பருத்திக்கும் களை எடுக்கப் போய்க்கொண்டிருந்தவர்கள். இப்போது அப்பா ஸ்பின்னிங் மில்லில் வாட்ச்மேன். சின்ன வயதில் அவள் அம்மாவிடம் கையை நீட்டி, “இது எப்பம்மா வரும்?” என்று கேட்பாள். “மழை பேஞ்சா முளைக்கும்டி” என்பாள் சந்தனம். அந்தக் கரிசல் காட்டில் பிள்ளை அதை நம்பாமல் என்ன செய்யும்? வெடித்துக் கிடந்த நிலத்தில் ஐப்பசியில் நாலு தூறல் விழுந்தால் எல்லாம் முளைத்து நிற்பதை அது கண்ணால் பார்க்கிறதே. மழை வந்தால் பாண்டீஸ்வரி வாசலுக்கு ஓடி, கையை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்பாள். சந்தனமும் கூப்பிட மாட்டாள்.

முளைக்காது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. ஒரு நாள் வகுப்பில் பையன்கள் ‘ஒண்ணரை’ என்று பேர் வைத்துக் கூப்பிட்டபோது, டீச்சரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பியபோது, தானாகவே தெரிந்துகொண்டாள். அம்மாவிடம் போய்க் கேட்கவும் இல்லை. அதற்குப் பிறகு கைமேல் துப்பட்டா ஏறியது. போட்டோ என்றால் யார் முதுகுக்காவது பின்னால் இடது பக்கத்தை ஒளித்துக்கொண்டு நிற்கப் பழகினாள்.

அருப்புக்கோட்டைக் கல்லூரியில் படிக்கும்போதுதான் கூடப் படித்த ஜோதிகா போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். ஏதோ ஒரு நாட்டுக்காரி. கை இல்லாத பனியன் போட்டுக்கொண்டு ஓட்டக் கோட்டில் நிற்கிறாள். அவளுக்கும் கை அதே இடத்தில் முடிகிறது. மூடவில்லை, ஒளிக்கவில்லை, வியர்வையைக்கூட அந்தக் கையாலேயே துடைத்துக்கொள்கிறாள். பாண்டீஸ்வரி அதுவரைக்கும் தன் கை மாதிரி இன்னொரு கையை இந்த உலகத்தில் பார்த்ததே இல்லை. ஓட்டத்தில் அந்தப் பெண் முதலில் வந்தாளா கடைசியில் வந்தாளா என்பது அவள் மனதில் நிற்கவே இல்லை. கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அப்புறம்தான் ஓட்டம். தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் விடியற்காலையில் ஓடினாள். குனிந்து கிளம்பும்போது இரண்டு பக்கமும் ஊன்ற வேண்டும், இவளுக்கு இடது பக்கம் தரைக்கு எட்டாது. அதனால் ஓர் அரைச் செங்கல்லைக் கொண்டுபோய் வைத்து அதில் ஊன்றிக்கொண்டாள். சென்னையில் மாநிலப் போட்டிக்குப் போனபோது அங்கே அதற்கென்றே கட்டை வைத்திருந்தார்கள். தன்னைப் போல ஆட்களுக்கென்று யாரோ யோசித்து ஒரு கட்டை செய்து வைத்திருக்கிறார்கள் என்பதே அவளுக்குப் பாதித் தங்கம். மீதித் தங்கம் நானூறு மீட்டரில் கிடைத்தது. கோப்பையை வலது கையால் அடியில் தாங்கி, இடது கையால் அணைத்து வாங்கினாள். போட்டோக்காரர் நிறுத்தியபோது அதை வலது கைக்கு மாற்றிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக இடது கையைத் தலைக்குமேலே தூக்கினாள்.

அந்தப் போட்டோவைத்தான் ஃபிளெக்ஸுக்கு அவளே அனுப்பியிருந்தாள். தூக்கிய அந்தக் கையை அழித்துவிட்டுத்தான் மணிகண்டன் கோப்பைக்கு அடியில் வேறு கையை ஒட்டியிருந்தான்.

*

மளிகைக்கடை நவநீதகிருஷ்ணன் வந்தார். விழாவுக்கு ஓடியாடி ஏற்பாடு செய்தவர் அவர்தான். வெள்ளை வேட்டி, நெற்றியில் குங்குமம், முகம் கொள்ளாத சந்தோஷம்.

“என்னம்மா, போர்டு எப்பிடி? வாரவுக போறவுக எல்லாம் நின்னு பாத்துட்டுப் போறாக!”

“எறக்கிருங்க அண்ணாச்சி.”

அவருக்குச் சிரிப்பு பாதியில் நின்றது.

“அதுல இருக்கது நான் இல்ல. இப்பவே எறக்கிருங்க. பஸ்ஸு வாரதுக்குள்ள.”

“என்னம்மா நீ, பெரிய பெரிய ஆளுக வாராக. மண்டபத்துல ஆளு சேந்துக்கிட்டு இருக்கு. நல்ல காரியத்துக்கு வைக்கிற போர்டுல குறை தெரிய வேணாமேன்னு அந்தத் தம்பி பண்ணியிருக்கான். நமக்கு ஒன் குறையா முக்கியம்? ஒன் ஜெயிப்புல்ல முக்கியம்!”

“அண்ணாச்சி, ரெண்டு கை உள்ளவ ஓடி ஜெயிச்சா அது அவளுக்கு மட்டுந்தான். இந்தக் கையோட ஒருத்தி ஓடுனாங்கறதுதான் ஊருக்குத் தெரியணும். எத்தன வீட்டுல புள்ளைகளத் துண்டப் போட்டு மூடி வச்சிருக்காக தெரியுமா? அந்தப் புள்ளைக பாக்கணும். கையையும் ஒட்டி, பாராவையும் எடுத்துட்டீக. இனி யாரு பாத்து என்ன?”

அக்கம்பக்கத்தில் திரும்பிப் பார்த்தார்கள். நவநீதகிருஷ்ணன் கெட்டவர் இல்லை, சங்கடப்பட்டார். ஆனாலும் கூட்டம் வரும் நேரத்தில் போர்டை இறக்கினால் ஊர் என்ன சொல்லும் என்ற கவலை அவருக்கு. “இன்னைக்கு ஒரு நாளைக்கு இருக்கட்டும்மா. நாளைக்குக் காலைல நானே ஆள் வச்சு எறக்கிருறேன்” என்றார்.

பாண்டீஸ்வரி அம்மாவின் பக்கம் திரும்பினாள். ஒத்தாசைக்குத்தான் திரும்பினாள். சந்தனம் அங்கே இல்லை. ஃபிளெக்ஸுக்கு ரொம்பப் பக்கத்தில் போய், அந்த வளையல் போட்ட கையை எட்டித் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

“யம்மா...”

“எறக்கச் சொல்லாதடி” என்றாள் சந்தனம் திரும்பாமலே. “ரெண்டு கையோட ஒன்னைய நான் எப்பப் பாத்தேன்? ஒரு நாளைக்கு இருந்துட்டுப் போகட்டுமே. ஒரு நாளைக்கு.”

காலையில் பட்டுச்சேலை கட்டிவிடும்போதும் அம்மா முந்தானையை இடது பக்கம் இழுத்துச் சுற்றி, கை வெளியே தெரியாதபடி பின் குத்தியிருந்தாள். சேலை என்றால் முந்தானை அந்தப் பக்கம்தானே விழும் என்று பாண்டீஸ்வரியும் பேசாமல் இருந்துவிட்டாள். கோபம் வந்தது. அம்மாமேல் வந்ததா, தன்மேல் வந்ததா என்று பிரிக்க முடியாத கோபம்.

அப்போது அருப்புக்கோட்டை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வளைந்து உள்ளே திரும்பியது.

*

முத்துப்பேச்சி இறங்கினாள். ஒல்லியான உருவம், தோளில் ஒரு மஞ்சப்பை. கையைப் பிடித்துக்கொண்டு துர்காதேவி. பிள்ளையின் வலது பக்கம் தோளிலிருந்து இடுப்புவரை பூப்போட்ட துண்டு. வெயிலில் வேர்த்துக் கொட்டியும் அந்தத் துண்டை எடுக்கவில்லை.

பாண்டீஸ்வரி வலது கையைத் தூக்கி ஆட்டினாள். “அந்தா நிக்கிறாக பாரு அக்கா” என்று முத்துப்பேச்சி காட்டினாள்.

பிள்ளை பாண்டீஸ்வரியைப் பார்த்தது. பிறகு அவள் தலைக்குப் பின்னால் அதே முகம் பெரிதாக நிற்பதைப் பார்த்தது. முகத்தைப் பார்த்து, கோப்பையைப் பார்த்து, கடைசியில் கையில் வந்து நின்றது.

“யம்மோவ்! அக்காவுக்கு முளைச்சிருச்சு!”

டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். துர்காதேவி துண்டை உருவி எறிந்துவிட்டுத் தன் குட்டிக் கையை ஆட்டி ஆட்டிக் குதித்தது. “முளைச்சிருச்சும்மா! வளவி எல்லாம் போட்டிருக்கு பாரேன்! எனக்கும் முளைக்கும்ல?”

முத்துப்பேச்சி ஃபிளெக்ஸை அப்போதுதான் பார்த்தாள். ஒன்றும் புரியாமல் பாண்டீஸ்வரியின் முந்தானையைப் பார்த்தாள். பிறகு மகளின் முகத்தைப் பார்த்தாள். கிட்டே வந்து பாண்டீஸ்வரியின் தோளைப் பிடித்துக்கொண்டு காதோரம் பேசினாள்.

“தாயி, நாந்தான் கையக் காட்டச் சொன்னேன். இப்ப நானே கேக்குறேன், அந்த முந்தானைய எடுக்காத. இவ இப்பிடிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. இன்னைக்கு ஒரு நாளைக்கு மூடிக்க.”

ஒரே காலையில் ‘ஒரு நாளைக்கு’ என்று கேட்கும் மூன்றாவது ஆள். மூன்று பேரும் பாசத்தில்தான் கேட்கிறார்கள். மூடிக்கொள்வதற்கு அவள் ஒன்றுமே செய்ய வேண்டியதும் இல்லை, முந்தானை பின் குத்தியபடி அப்படியே இருக்கிறது. நின்றால் போதும். சிரித்தால் போதும். பிள்ளை சந்தோஷமாக வீட்டுக்குப் போகும். மழைக்காலம் வரும். வாசலில் கையை நீட்டிக்கொண்டு நிற்கும்.

அந்த நினைப்பு வந்ததும் பாண்டீஸ்வரி பின்னைப் பிடுங்கினாள். அவசரத்தில் பட்டு கிழிந்தது. முந்தானையைத் தோளுக்கு மேலே தள்ளிவிட்டு, பிள்ளைக்கு முன்னால் மண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்து, இடது கையை நீட்டினாள்.

துர்காதேவியின் ஆட்டம் நின்றது. கையைப் பார்த்தது. நிமிர்ந்து ஃபிளெக்ஸைப் பார்த்தது. திரும்பவும் கையைப் பார்த்தது.

“இது என்னது?”

“இதான்டா என் கை. ஒன் கை மாதிரியே.”

“அப்ப அது?”

“அது என் கை இல்ல. கடையில ஒட்டுனது.”

பிள்ளைக்கு உதடு பிதுங்கியது. ஆனாலும் விடவில்லை. “ஒனக்கு இன்னும் முளைக்கலையா? எப்ப முளைக்கும்?”

பாண்டீஸ்வரி வாயைத் திறந்தாள். ஒரே ஒரு வார்த்தை. தனக்கே யாரும் சொல்லாத வார்த்தையை எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“மழையில நனைச்சா முளைக்கும்னு எங்கம்மா சொன்னாக” என்றது பிள்ளை. “நீ நனைச்சியா?”

பின்னால் யாரோ பலமாக மூச்சை இழுத்தார்கள். சந்தனம். அந்தப் பொய்யை உலகத்தில் தான் ஒருத்திதான் சொன்னோம் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள். மகள் அதை மறந்திருப்பாள் என்றும் நினைத்திருந்தாள். இப்போது மண்ணில் முட்டி போட்டிருக்கும் மகளின் முகத்தைப் பார்த்தாள். மறக்கவில்லை என்று அங்கே எழுதியிருந்தது.

ஃபிளெக்ஸுக்குப் பக்கத்தில் ஒருவர் நுங்கு வெட்டிக்கொண்டிருந்தார். சந்தனம் நேரே போய் அவர் கையிலிருந்த அரிவாளை வாங்கிக்கொண்டு, டீக்கடை பெஞ்சை இழுத்துப் போட்டு மேலே ஏறினாள்.

“ஏத்தா! ஏத்தா! என்ன பண்ணுற!” நவநீதகிருஷ்ணன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். அரிவாளோடு நிற்கிற பொம்பளையை நெருங்கவும் பயம், விலகவும் மனசில்லை. பெஞ்சைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

சந்தனம் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் தடவித் தடவிப் பார்த்த அதே கையை, முழங்கையிலிருந்து தொடங்கி, விரல் விரலாகச் சுற்றி அறுத்தாள். அறுக்கும்போது அழுதாள். வளையலும் மோதிரமுமாக அது சுருண்டு கீழே விழுந்தது. கோப்பை அந்தரத்தில் நின்றது. கை இருந்த இடத்தில் ஓர் ஓட்டை, ஓட்டைக்குப் பின்னால் வெயில்.

பெஞ்சிலிருந்து இறங்கி வந்து பிள்ளையின் முன்னால் உட்கார்ந்தாள்.

“முளைக்காது தாயி” என்றாள். “எம் மகளும் மழையில நின்னா. நாந்தான் நிக்கச் சொன்னேன். முளைக்கல. முளைக்கவே முளைக்காது. நான் பொய்யி சொன்னேன்.”

பிள்ளையிடம் சொன்னாலும் பார்த்தது மகளைத்தான்.

துர்காதேவி ஓவென்று அழுதது. முத்துப்பேச்சியும் தலையில் கை வைத்துக்கொண்டு ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். பாண்டீஸ்வரிக்கும் தான் செய்தது சரிதானா என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது. மண்டபத்திலிருந்து ஆள் வந்து, “எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காக” என்றான். நவநீதகிருஷ்ணன், “இருய்யா, வருவாக” என்று அதட்டி அனுப்பினார்.

அழுது அழுது ஓய்ந்த பிள்ளை, மூக்கைக் குட்டிக் கையாலேயே துடைத்துக்கொண்டது. ஃபிளெக்ஸை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தது. ஓட்டையையும் அந்தரத்தில் நின்ற கோப்பையையும் ரொம்ப நேரம் பார்த்தது. பிறகு கேட்டது:

“அப்ப அந்தக் கப்ப நீ எப்பிடிப் பிடிச்ச?”

பாண்டீஸ்வரி வலது கையைப் பிள்ளைக்கு அடியில் கொடுத்து, இடது கையை முதுகோடு அணைத்துக்கொண்டு, அப்படியே தூக்கி இடுப்பில் வைத்தாள்.

“இப்பிடித்தான்” என்றாள்.